டால்பினுக்கு மீன் ஊட்டலாமா? அமேசான் சொல்லும் பதில்

1.
இந்த மாதிரி ரீல்ஸ் உங்க கண்ணிலும் பட்டிருக்கும். டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு ஆறு. மிதக்கும் மரத்தளத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தர் கையில் மீன். தண்ணிக்குள்ள இருந்து ரோஸ் கலர்ல நீளமான மூக்கு ஒண்ணு எழும்பி வந்து மீனை வாங்கிட்டுப் போகும். கமெண்ட் முழுக்க ஹார்ட்டின். "சாகறதுக்குள்ள ஒரு தடவை போகணும்" என்று பத்துப் பேர்.

அது பிரேசில் நாட்டு அமேசான். அந்த விலங்குக்கு அந்த ஊர்ப் பேர் போத்தோ. கடலில் நாம் பார்க்கும் ஓங்கிலுக்குத் தூரத்து உறவு. வாழ்நாள் முழுக்க ஆற்றிலேயே இருக்கும் டால்பின்.

2.
"டாக்டர், உங்களுக்கு எதுக்கு டால்பின்?" என்று கேட்பீங்க. கையில் விலங்கு கடிச்ச காயம், மீனில் இருந்து வரும் கிருமி, சாப்பாட்டில் சேரும் பாதரசம், இந்த மூணும் என் துறைதான். மூணும் இந்தக் கதையில் வருது.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். சுற்றுலாப் பயணி காட்டு டால்பினுக்கு மீன் ஊட்டுவதைச் சட்டம் பேர் சொல்லித் தடுக்கணும். "தொல்லை தரக் கூடாது" என்று பொதுவாக எழுதினால் போதாது. ஏன் என்று வரிசையாகப் பார்ப்போம்.

3.
முதலில் போத்தோ பற்றி. பெரிய ஆண் இரண்டரை மீட்டர் நீளம், 150 கிலோவுக்கு மேல் வளரும். கழுத்து எலும்புகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்கறதால தலையை நல்லாத் திருப்ப முடியும். வெள்ள காலத்தில் அமேசான் காடு தண்ணிக்குள்ள மூழ்கும்போது, மரங்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து மீன் பிடிக்க இது உதவும்.

முன்பற்கள் கூம்பு மாதிரி, பிடிக்க. பின்பற்கள் நம்ம கடைவாய்ப் பல் மாதிரி, நொறுக்க. ஓடுள்ள மீனையும் நண்டையும் உடைக்கிற வாய் அது. ரீல்ஸில் "ஸ்மைல் பண்ணுது பாருங்க" என்கிறார்களே, அந்த வாய்தான்.

4.
ஊட்டுவது எப்படித் தொடங்கியது? ரியோ நீக்ரோ ஆற்றங்கரையில் நோவோ ஐராவ் என்று ஒரு சின்ன ஊர். மனாஸ் நகரில் இருந்து சாலை வழியாகச் சுமார் 200 கி.மீ. அங்கே ஒரு மிதவை உணவகத்தில் 1998 வாக்கில் போத்தோக்களுக்கு மீன் போட ஆரம்பிச்சாங்க. அவை தினமும் வர ஆரம்பித்தன. பின்னாலேயே ஆட்களும் வந்தாங்க.

திட்டம் போட்டுச் செய்த வியாபாரம் இல்லை. அன்பில் தொடங்கியதுதான். அதை மறுக்கவே வேண்டாம்.

5.
ஆனால் கூட்டம் சேர்ந்ததும் என்ன நடந்தது? மக்கள் தண்ணிக்குள் இறங்கினாங்க. கட்டிப்பிடிச்சாங்க. போட்டோவுக்காக விலங்கைத் தண்ணிக்கு மேலே தூக்கப் பார்த்தாங்க.

அங்கே ஆய்வு செய்தவர்கள் இன்னொன்றையும் கவனிச்சாங்க. மீன் வாங்க வந்தவை கிட்டத்தட்ட எல்லாமே ஆண்கள். மீன் கிடைக்கும் இடத்துக்காக அவற்றுக்குள் சண்டை, யார் பெரியவன் என்ற வரிசை. நடுவில் மாட்டிய சுற்றுலாப் பயணிக்கும் கடி, மோதல். ரேஷன் கடைக் கியூவில் அடிதடி நடக்கும்போது நடுவில் ஒரு குழந்தையை நிறுத்தி வைத்த மாதிரி.

6.
பிறகு அரசு தலையிட்டது. அனவில்யானாஸ் தீவுக்கூட்டம் 1981ல் சூழலியல் நிலையமாக அறிவிக்கப்பட்டு, 2008ல் தேசியப் பூங்காவாக மாறியது. பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் மத்திய அமைப்பு விதிகள் கொண்டுவந்தது. பயிற்சி பெற்றவர்தான் மீன் கொடுக்கணும். பயணிகள் கூடவே நீந்தக் கூடாது. நேரம், அளவு எல்லாவற்றுக்கும் கணக்கு. நிலைமை மேம்பட்டது உண்மை.

ஆனால் மனாஸைச் சுற்றி வேறு மிதவைகளிலும் இதே தொழில் பரவியது. பூங்காவுக்குள் இருக்கும் கண்காணிப்பு எல்லா மிதவைக்கும் போகாது.

7.
இப்போ மருத்துவம்.

கையில் விலங்கு கடிச்சா நாங்க ரொம்பப் பயப்படுவோம். கையில் தோலுக்கு அடியிலேயே தசைநாண், அதைச் சுற்றி உறை, மூட்டு. கூர்மையான பல் குத்தினால் வெளியே சின்ன ஓட்டைதான் தெரியும். உள்ளே கிருமி ஆழமா இறங்கியிருக்கும். உறைக்குள் சீழ் பிடிச்சா விரல் மடங்காமலே போகலாம்.

அதோட ஆற்றுத் தண்ணி. ஏரோமோனாஸ் மாதிரி நன்னீர்க் கிருமிகள் காயத்தில் வேகமாகப் பரவும். வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் சிலதுக்கு அது அடங்காது.

8.
ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனியே என்று ஒரு பாக்டீரியா. பேரைக் கவனிங்க. போத்தோவின் அறிவியல் பேர் இனியா ஜியோஃப்ரென்சிஸ். அமெரிக்காவில் காட்சிக்கு வைத்திருந்த ஒரு போத்தோவின் தோலடிக் கட்டிகளில் இருந்து பிரித்தெடுத்து, 1976ல் இந்தக் கிருமியை விவரிச்சாங்க. அதனால்தான் இந்தப் பேர்.

அடுத்து 1995-96 குளிர்காலம், கனடாவின் டொரண்டோ. முழுப் பச்சை மீனைக் கையாண்ட ஒன்பது பேருக்கு இதே கிருமியால் தொற்று. பெரும்பாலும் கை வீங்கிச் சிவந்து வந்தவங்க. மீன் முள் குத்தின சின்னக் கீறல்தான் வாசல்.

பச்சை மீனைக் கையில் பிடிச்சுக்கிட்டு பல்லுள்ள வாய்க்குள்ள நீட்டுறவங்க இதை ஒரு நிமிஷம் யோசிக்கணும். பயமுறுத்தச் சொல்லலை. இப்படித் தொற்று வருவது அரிதுதான். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு 200 கி.மீ. போக வேண்டிய ஊரில் அரிதானது வந்தாலும் சிக்கல்தான்.

9.
இதுவரை மனுஷனுக்கு என்ன ஆகும் என்று பார்த்தோம். டால்பினுக்கு?

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் சாரசோட்டா பக்கம் ஒரு கடல் டால்பின் இருந்தது. படகுப் பக்கம் வந்து மீன் கேட்டுக் கேட்டு, அதுக்குப் பேரே "பெக்கர்" ஆகிப்போச்சு. பிச்சைக்காரன். 20 வருஷத்துக்கு மேல் மக்கள் ஊட்டினாங்க. இறால், கணவாய் மட்டுமில்ல, ஹாட் டாக், பீர் வரைக்கும் நீட்டினாங்க. தொட வந்த சிலரை அது கடிச்சும் இருக்கு.

10.
2012ல் பெக்கர் செத்து மிதந்தது. போஸ்ட்மார்ட்டத்தில் படகு இடிச்ச காயங்கள், உடைஞ்ச விலா எலும்பு, வயிற்றில் தூண்டில் முள், தூண்டில் இரையாகப் போடும் கணவாயின் மிச்சம், உடம்பில் திருக்கை முள், நீர்ச்சத்துக் குறைவு. இதுதான் சாவுக்குக் காரணம் என்று ஒண்ணை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியலை.

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் படிச்சுப் பழகின எனக்கு இது ஒரு வாழ்க்கை முறையின் ரிப்போர்ட்டாகத் தெரியுது. ஒவ்வொரு காயமும் படகுக்குப் பக்கத்திலேயே பிழைப்பு நடத்தியதைக் காட்டுது. ஊட்டின யாரும் அதைக் கொல்ல நினைக்கலை.

11.
இதுதான் இந்தத் த்ரெட்டின் மையம். மனுஷனைப் பார்த்து விலகிப் போகிற பயம் இருக்கே, அதுதான் காட்டு விலங்குக்குத் தடுப்பூசி. நாம மீன் கொடுக்கும்போது அந்தத் தடுப்பூசியின் பலனை அழிச்சிடறோம்.

மீன் கொடுக்கிற கையும் ஈட்டி பிடிச்ச கையும் டால்பினுக்கு ஒண்ணுதான். அதனால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அமேசானில் ஈட்டி பிடிச்ச கை உண்மையாகவே இருக்கு.

12.
பிராகட்டிங்கா என்று ஒரு கெளுத்தி இன மீன். பிணம் தின்னும் மீன். அதைப் பிடிக்க அழுகின இறைச்சி இரை வேணும். அதுக்காக முதலை இனமான கெய்மனையும் போத்தோவையும் கொல்றாங்க. 2000க்குப் பிறகு இந்தத் தொழில் பெருசானது. பிடிச்ச மீனில் பெரும்பகுதி கொலம்பியா சந்தைக்குப் போனது.

2015 ஜனவரியில் இருந்து பிரேசில் அந்த மீனைப் பிடிக்கவே தடை போட்டது. பிறகு தடையை நீட்டித்தது. கொலம்பியாவும் 2017ல் அந்த மீன் விற்பனையை நிறுத்தியது. அங்கே சொன்ன காரணம் பாதரசம். டால்பினுக்காக எடுக்காத முடிவை மனுஷனின் நரம்புக்காக எடுத்தாங்க. எப்படியோ, நல்லது.

13.
நிலைமை எவ்வளவு மோசம்? அமேசானின் மமிரவா காப்புப் பகுதியில் 20 வருஷத்துக்கு மேல் எண்ணிப் பார்த்த கணக்கு 2018ல் வெளியானது. அங்கே போத்தோ எண்ணிக்கை சுமார் 10 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகுது. அதே 2018ல் உலக சிவப்புப் பட்டியலில் போத்தோ "அழியும் ஆபத்தில் உள்ளது" என்ற நிலைக்கு வந்தது.

போத்தோ சுமார் 11 மாதம் சினை சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். அதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் பால் கொடுக்கும். இப்படி மெதுவாகப் பெருகும் இனத்தில் ஒவ்வொரு சாவும் பெரிய நஷ்டம்.

14.
அதோட சூடு. 2023 வறட்சியில் தெஃபே ஏரி வற்றி, தண்ணி 39 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. நமக்கு அது நல்ல ஜுரம். சில வாரங்களில் 150க்கும் மேற்பட்ட டால்பின்கள் அங்கே செத்து ஒதுங்கின.

ஏற்கனவே ஐசியூவில் இருக்கிற நோயாளிக்கு "இது சின்ன விஷயம்தானே" என்று எதையும் கொடுக்க மாட்டோம். போத்தோ இப்போ அந்த நிலையில் இருக்கு.

15.
சரி, சட்டம் என்ன சொல்லுது?

பிரேசிலில் 1987 டிசம்பரில் வந்த 7643ம் எண் சட்டம். மொத்தமே சில வரிகள். நாட்டின் நீர்ப்பரப்பில் எந்தத் திமிங்கில, டால்பின் இனத்தையும் பிடிப்பதும், வேண்டுமென்றே எந்த விதத்தில் தொல்லை தருவதும் குற்றம். 2 முதல் 5 ஆண்டு வரை சிறை, அபராதம். திரும்பச் செய்தால் படகே பறிமுதல்.

படிச்சா கடுமையான சட்டம். 1988 அரசியலமைப்பின் 225ம் பிரிவும் விலங்குகளைக் கொடுமைக்கு உள்ளாக்கும் செயல்களைத் தடுக்கச் சொல்லுது.

16.
ஓட்டை எங்கே? "வேண்டுமென்றே தொல்லை" என்ற சொல்லில்.

மீன் ஊட்டுறவரைக் கேளுங்க. "தொல்லையா? நான் சாப்பாடு கொடுக்கறேன் சார்" என்பார். டால்பினும் தானாக வருது, சந்தோஷமா இருக்கற மாதிரி தெரியுது. எந்த அதிகாரி, எந்த நீதிபதி இதைத் தொல்லை என்று எழுதுவார்? சர்க்கரை நோயாளிக்கு லட்டு கொடுத்த அத்தையை யாரும் குற்றவாளி என்று சொல்லாத மாதிரிதான். சட்டம் அடிக்கிறவனை மனசில் வைத்து எழுதப்பட்டது. ஊட்டுறவன் அதன் கண்ணிலேயே படலை.

17.
அமெரிக்கா இந்த ஓட்டையை அடைத்தது. அங்கே கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் 1972ல் வந்தது. அதன் கீழுள்ள விதியில் 1991ல் "உணவூட்டுவது" என்பதை நேரடியாகவே சேர்த்தாங்க. டால்பினுக்கு ஊட்டும் படகுச் சவாரி நடத்தியவர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. 1993ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்று சொல்லிடுச்சு.

"அப்புறம் எப்படி 2012ல் பெக்கர் செத்தது?" நியாயமான கேள்வி. சட்டம் மட்டும் போதாது, அமல் வேணும். ஆனால் சட்டத்தில் அந்தச் சொல்லே இல்லாவிட்டால் அமல் பண்ண நினைக்கிற அதிகாரி கையில் ஒண்ணுமே இருக்காது.

18.
"நோவோ ஐராவ் மக்கள் பிழைப்பு?" இதுதான் இருக்கிறதிலேயே வலுவான எதிர்வாதம். எளிதாகத் தள்ள முடியாது.

வலையைக் கிழிச்சு மீனைத் திருடுகிற போத்தோ மேல் மீனவர்களுக்குக் கோபம் உண்டு. இன்னொரு பக்கம் ஊர்க் கதை. போத்தோ ஜூன் மாதத் திருவிழாவில் வெள்ளை சூட் போட்ட அழகான ஆணாக வந்து பெண்களை மயக்கும், தலையில் இருக்கும் மூச்சுத் துளையை மறைக்கத் தொப்பி போட்டிருக்கும் என்பார்கள். அப்பா பேர் தெரியாத குழந்தையைப் "போத்தோ பிள்ளை" என்று சொல்லும் பழக்கமும் உண்டு. இப்படிக் கோபமும் பயமும் கலந்து பார்த்த ஒரு விலங்கு, சுற்றுலா வந்த பிறகு ஊருக்கே வருமானம் ஆனது. உயிரோட இருந்தால்தான் லாபம் என்ற எண்ணம் வந்தது. இது சின்ன விஷயம் இல்லை.

19.
அதனால் நாளைக்கே எல்லாத்தையும் இழுத்து மூடுங்க என்று நான் சொல்லலை. ரொம்ப நாளா ஸ்டீராய்டு எடுக்கிற நோயாளிக்கு ஒரே நாளில் நிறுத்த மாட்டோம். படிப்படியாகக் குறைப்போம். இங்கே பழக்கம் டால்பினுக்கு இருப்பதைவிட ஊருக்குத்தான் அதிகம். அது ஆற்றில் வேட்டையாடும் விலங்குதான். மிதவையில் மீன் குறைந்தால் ஆற்றுக்குத் திரும்பும். ஊருக்கு மாற்று வருமானம் வர நாளாகும்.

20.
இது நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம், மேற்கு ஆஸ்திரேலியாவின் மங்கி மியா. அங்கே கடல் டால்பின்களுக்குக் கரையில் ஊட்டுவது பல பத்தாண்டுப் பழக்கம். ஊட்டப்பட்ட தாய்களின் குட்டிகள் அதிகமாகச் செத்தது தெரிய வந்தது. 1995 வாக்கில் விதிகளை இறுக்கினாங்க.

இப்போ காலை நேரத்தில் மட்டும். குறிப்பிட்ட சில பெண் டால்பின்களுக்கு மட்டும். தினசரித் தேவையில் சின்னப் பங்கு மட்டும். எல்லாம் வன ஊழியர்களின் கண்காணிப்பில். விதி வந்த பிறகு குட்டிகள் பிழைப்பது கூடியது. பயணிகள் வருவதும் நிற்கலை.

21.
எங்க மொழியில் சொன்னா, அது பிரிஸ்கிரிப்ஷன். யாருக்கு, எவ்வளவு, எப்போ, யார் கையால் என்று எழுதிக் கொடுத்தது. ரீல்ஸில் நடப்பது மருந்துக் கடையில் கவுண்ட்டருக்கு மேல் கேட்டு வாங்கி விழுங்குவது.

அதனால் நான் கேட்பது நாலு.

ஒண்ணு: சட்டத்தில் "உணவூட்டுவது" என்ற சொல் நேரடியாக வரணும். தொடுவது, கூட நீந்துவது இரண்டும் அதோட சேரணும்.

இரண்டு: ஏற்கனவே நடக்கும் இடங்களுக்கு மட்டும், காலக்கெடுவுடன் உரிமம். பயிற்சி பெற்ற ஊழியர் கை, எழுதி வைத்த அளவு, வருஷா வருஷம் குறைப்பு. புது மிதவைக்கு அனுமதி கிடையாது.

மூணு: அந்த வருஷங்களில் ஊர்க்காரர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி. படகை நிறுத்தி, எஞ்சினை அணைச்சு, தூரத்தில் இருந்து காட்டுற சுற்றுலா. ரியோ நீக்ரோவில் டால்பின் பார்க்க மீன் தேவையில்லை, பொறுமை போதும்.

நாலு: கடிபட்ட ஒவ்வொரு பயணியையும் பதிவு செய்யணும். எண்ணாத நோயை ஒழிக்க முடியாது.

22.
நம்ம நாட்டுக்கு வருவோம். நமக்கும் ஆற்று டால்பின் இருக்கு. கங்கை டால்பின், நம் தேசிய நீர்வாழ் விலங்கு. 2025ல் வெளியான கணக்கெடுப்பில் நாட்டில் மொத்தம் 6,327 ஆற்று டால்பின்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் உச்சபட்சப் பாதுகாப்பு. டால்பின்களை அடைத்து வைத்து வித்தை காட்டும் மையங்களுக்கு 2013லேயே அனுமதி மறுத்த நாடு நாம். பெருமைப்படலாம்.

நம்ம சட்டத்தில் "வேட்டை" என்ற சொல்லின் விளக்கத்தில் இரை காட்டி இழுப்பதும் இருக்கு. ஆனால் சரணாலயத்துக்குள் பயணிக்குச் சொல்லும் விதியில் வருவது சீண்டுவது, தொல்லை தருவது என்ற பழைய சொற்கள்தான். பிரேசிலில் பார்த்த அதே ஓட்டை. கங்கையில் டால்பின் படகுச் சவாரி பெருசாவதற்கு முன்னாடியே இதைச் சரி பண்ணிடலாம். வந்த பிறகு மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று நோவோ ஐராவ் காட்டுது.

23.
நீங்க என்ன செய்யலாம்?

அமேசான் டூர் புக் பண்ணும்போது "டால்பினோட நீச்சல்", "கையால் ஊட்டலாம்" என்று பேக்கேஜில் இருந்தால், அது வேண்டாம் என்று சொல்லிக் கேளுங்க. நாலு பேர் கேட்டா ஏஜென்ட் மாத்துவார்.

ஊட்டுற ரீல்ஸுக்கு லைக், ஷேர் வேண்டாம். ஒவ்வொரு ஷேரும் அடுத்த மிதவைக்கு விளம்பரம்.

எங்கே போனாலும் காட்டு விலங்கு கையில் கடிச்சா சோப்பு போட்டு ஓடும் தண்ணியில் 15 நிமிஷம் கழுவுங்க. காயத்தைக் கட்டி மறைச்சுட்டு டூரை முடிச்சுட்டு வரலாம் என்று இருக்காதீங்க. அன்னைக்கே டாக்டரைப் பாருங்க. ஆற்றுத் தண்ணியில் பட்ட காயம் என்பதை மறக்காமச் சொல்லுங்க, மருந்து அதை வைத்து மாறும். டெட்டனஸ், ரேபிஸ் ஊசி தேவையா என்று அவர் முடிவு பண்ணட்டும்.

24.
ஊட்டுவது அன்பு இல்லை என்று நான் சொல்லலை. அன்புதான். ஆனா மருந்தும் அன்பில்தான் கொடுக்கறோம். அளவு தெரியாம கொடுத்தா என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

பசி இல்லாத, நம்மைத் தேடி வராத, கொஞ்சம் பயந்து தள்ளியே இருக்கிற டால்பின்தான் ஆரோக்கியமான டால்பின். அதை அப்படியே விட்டுடுவோம்.

மாற்றுக் கருத்து இருந்தா தாராளமா எழுதுங்க. படிச்சுப் பதில் சொல்றேன்.